பெரியப்பாவின் பச்சை மை: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 2, 2024, ஞாயிறு

சாத்தூரில் பெரியம்மா வீட்டு இரும்பு பீரோவின் அடித்தட்டை இன்று ஒழித்தபோது, பழைய பஞ்சாங்கங்களுக்குப் பின்னால் இரண்டு மைப்புட்டிகள் கிடைத்தன. இரண்டும் பார்க்கர் குவிங்க், இரண்டும் பச்சை. ஒன்றில் மை முழுவதும் வற்றி, அடியில் கரும்பச்சைப் பொருக்காக ஒட்டியிருந்தது. மற்றது அட்டைப்பெட்டிக்குள், மூடி ஒருமுறைகூடத் திருகப்படாமல் இருந்தது. அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து 1991-இல் ஓய்வு பெற்ற பெரியப்பா, மாணவர்களின் சான்றிதழ் நகல்களில் சான்றொப்பமிடுவதற்கென்றே இந்த மையை வாங்கி வைத்திருந்தார். "அவர் போனதுக்கப்புறம் அதைத் தொட ஆள் இல்லை. உனக்குத்தான் பேனான்னா உசிராச்சே, எடுத்துட்டுப் போப்பா" என்றார் பெரியம்மா.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில்லில் இருந்த பார்க்கர் நிறுவனம் 1931-இல் குவிங்க் மையை வெளியிட்டது. 'குவிக்', 'இங்க்' என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்த பெயர் அது. சீக்கிரம் உலரும் என்பதுதான் அதன் பெருமை. இன்று கடையில் குவிங்க் கேட்டால் நீலமோ கறுப்போதான் எடுத்துக் கொடுக்கிறார்கள். பச்சை நின்றுபோய் நெடுங்காலம் ஆகிறது.

ஜூன் 3, திங்கள்

மூடி இறுகிப் போயிருந்தது. வலிந்து திருகினால் கண்ணாடிக் கழுத்து விரிசல் விடும் என்பதால், புட்டியைத் தலைகீழாகப் பிடித்து மூடியை மட்டும் வெந்நீரில் பத்து நிமிடம் வைத்திருந்தேன். அதன் பிறகு சிறு சத்தத்தோடு கழன்றது. திறந்ததும் எழுந்தது கார்பாலிக் சோப்பின் வாடை. பூஞ்சை பிடிக்காமல் இருப்பதற்காக அந்தக் காலத்து மைகளில் ஃபீனால் சேர்ப்பார்கள். அந்த வாடை இன்னும் இருப்பது நல்ல அறிகுறி என்று மனம் சற்றே அமைதியடைந்தது.

பழைய மையை எடுத்த எடுப்பில் பேனாவில் ஊற்றக் கூடாது. மேற்பரப்பில் ஆடை படிந்திருந்தாலோ, டார்ச் வெளிச்சத்தில் நூல்போல ஏதேனும் மிதந்தாலோ அது பூஞ்சை. அத்தகைய மையை எவ்வளவு அருமையானதானாலும் கொட்டிவிடுவதே முறை, ஏனெனில் பேனாவின் நாக்கட்டைக்குள் (நிப்புக்கு அடியில் மையை இட்டுவரும் கட்டை அது) ஒருமுறை பூஞ்சை புகுந்துவிட்டால் அடுத்து ஊற்றும் ஒவ்வொரு மையையும் அது கெடுக்கும். புட்டியைக் குலுக்காமல் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஆடை இல்லை, நூல் இல்லை. அடியில் மட்டும் மெல்லிய வண்டல் இருந்தது. காபி வடிகட்டும் தாள் வழியாகச் சொட்டுச் சொட்டாக வடித்தெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தாளில் தங்கியது ஒரு சிட்டிகைக்கும் குறைவு.

ஜூன் 5, புதன்

இன்று தொட்டெழுதினேன். பந்துமுனைப் பேனாக்கள் வருவதற்கு முன்பு சாத்தூர் நிப் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே அடிக்கப்பட்ட பழைய எஃகு நிப் ஒன்றைக் கட்டையில் செருகி, பெரியப்பாவின் மையில் முக்கியபோது, அந்த ஊர் நிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது என்று பட்டது.

முதல் கோடு கம்மாறு வெற்றிலையின் நிறத்தில் விழுந்தது. ஏறத்தாழக் கறுப்பு, வெளிச்சத்தில் சாய்த்தால்தான் பச்சை தெரிகிறது. கோடு முடிந்து நிப்பை எடுக்கும் இடத்தில் மை குளம்போலத் தேங்கி, உலர்ந்த பின் அதன் விளிம்பில் இன்னும் கருத்த ஒரு வரை நின்றது. பள்ளி நோட்டுத் தாளில் மை கிளைவிட்டுப் பரவியது. புகளூர் டிஎன்பிஎல் காகித ஆலையின் தாளில் கோடு கோடாகவே நின்றது. கரும்புச் சக்கைக் கூழ் சேர்ந்த அந்தத் தாளை மைப்பேனாக்காரன் என்ற முறையில் நான் எப்போதும் மதிக்கிறேன்.

ஆனால் பெரியப்பாவின் கையெழுத்து இந்த நிறத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. என்னுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகலில் 1986-இல் அவர் இட்ட சான்றொப்பம் கோப்பில் இருக்கிறது. எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அது வெயில் படும் வாழை இலையின் பச்சை.

ஜூன் 8, சனி

மூடியிருந்த புட்டியிலும் நீர் ஆவியாகத்தான் செய்யும். நீர் போய்ச் சாயம் மிஞ்சுவதால் மை கெட்டிப்படுகிறது. அப்படியானால் போன நீரைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு மில்லி மையாக ஐந்து சிறு குப்பிகளில் எடுத்து, முதல் குப்பியை அப்படியே விட்டுவிட்டு, மற்ற நான்கில் முறையே 0.1, 0.2, 0.3, 0.5 மில்லி காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்தேன். (குழாய்த் தண்ணீர் ஆகாது, அதிலுள்ள உப்புகள் சாயத்தைத் திரிய வைக்கும்.) ஒவ்வொன்றிலும் நிப்பைக் கழுவித் துடைத்துவிட்டு ஒரே சொல்லை, பெரியப்பாவின் பெயரை, எழுதினேன். 0.1-இல் மாற்றம் தெரியவில்லை. 0.5 நீர்த்த மோர்போல உயிரற்றிருந்தது. 0.2-உம் 0.3-உம் 1986-ஆம் ஆண்டுக் கையெழுத்துக்கு அருகே வந்தன. காலை வெளிச்சத்தில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று பார்த்தேன், 0.2 என்றுதான் கண் சொல்கிறது.

இந்தப் பச்சைக்கு இவ்வளவு மரியாதை எப்படி வந்தது என்று எழுதும்போதெல்லாம் யோசிக்கிறேன். மத்தியத் தலைமைச் செயலக அலுவலக நடைமுறைக் கையேடு, இணைச் செயலர் நிலைக்கும் அதற்கு மேலும் உள்ளவர்களே, அதுவும் அரிதாக, பச்சை அல்லது சிவப்பு மையைப் பயன்படுத்தலாம் என்கிறது. நம் ஊரிலோ கெஜட்டட் அதிகாரி என்றாலே பச்சை மை என்று ஆகிவிட்டது. 'பச்சை மையில் கையெழுத்துப் போடுற உத்தியோகம்' என்று ஒரு பையனைப் பற்றிச் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை. இப்போது பல இடங்களில் சுய சான்றொப்பமே போதும் என்பதால், விடிகாலையில் தலைமையாசிரியர் வீட்டுத் திண்ணையில் நகல்களோடு காத்திருக்கும் மாணவர்களும் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

வடிதாளை விரலகலத் துண்டாக வெட்டி, அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சொட்டு மை வைத்து, அடி நுனி மட்டும் நீரில் தொடும்படி டம்ளரில் தொங்கவிட்டேன். நீர் ஏற ஏறப் பச்சை பிரிந்தது. கீழே மஞ்சள் பட்டை தங்கிவிட, நீலம் அதைவிட்டு மேலே ஓடி, மயில் கழுத்தின் நிறத்தில் ஒரு நாக்காக நின்றது. ஆக, இது தனிப் பச்சைச் சாயம் அன்று. மஞ்சளும் நீலமும் கலந்த கலவை. அந்தப் பத்து நிமிடமும் நான் டம்ளரின் எதிரிலிருந்து எழவில்லை.

இரண்டு சாயம் என்றால் வெயிலில் இரண்டும் ஒரே வேகத்தில் வெளிற வேண்டிய அவசியமில்லை. மூன்று தாள் துண்டுகளில் எழுதி, ஒன்றின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, மொட்டைமாடியில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இரண்டாவது வீட்டுச் சுவரில். மூன்றாவது முழுக்க மூடப்பட்டு அலமாரிக்குள்.

ஜூன் 16, ஞாயிறு

நீர் சேர்த்துச் சரிசெய்த மையை எபோனைட் என்ற கெட்டி ரப்பரால் ஆன பேனா ஒன்றில் ஃபில்லரால் ஊற்றி ஒரு வாரம் எழுதினேன். ஓட்டம் நன்றாக இருக்கிறது. ஒரு நாள் மூடி வைத்து எடுத்தாலும் முதல் எழுத்திலேயே மை வருகிறது. பழைய குவிங்க் விளம்பரங்கள், அதில் சேர்த்திருந்த 'சொல்வ்-எக்ஸ்' என்ற பொருள் எழுத எழுதப் பேனாவைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிவந்தன. நாக்கட்டையைக் கழற்றிப் பார்த்ததில் படிவு ஏதும் இல்லை.

வெள்ளியன்று ஒரு சேதம் நேர்ந்தது. பேனாவில் மை கால்பங்குக்குக் கீழே இறங்கியிருந்ததைக் கவனிக்காமல் எழுதிக்கொண்டே போனேன். மை குறையும்போது உடற்குழலில் காற்று மிகும்; கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பெரிய சொட்டொன்று நேராக 1986-ஆம் ஆண்டு நகலின் ஓரத்தில் விழுந்தது. ஒப்பிட வசதியாக அதைத் திறந்தே வைத்திருந்தது என் பிழை. ஒற்றுத்தாளால் உடனே ஒற்றியதில் கையெழுத்து தப்பியது; 'தலைமையாசிரியர்' என்ற முத்திரையின் கடைசி எழுத்தின்மேல் பச்சைக் கறை நிற்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இரண்டு வாரம் வெயில் பட்ட பாதியில் மஞ்சள் ஏறக்குறைய ஓடிவிட்டது. எஞ்சியிருப்பது சாம்பல் கலந்த நீலம். மூடியிருந்த பாதி அப்படியே பச்சை. லேபிளில் 'பெர்மனன்ட்' என்று இருந்தாலும் தண்ணீர்ச் சொட்டுக்கும் இது தாங்கவில்லை. எழுத்தின் மங்கலான எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியது.

இதைப் பார்த்ததும், பெரியம்மா வீட்டுக் கூடத்தில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் பிரிவுபசார மடலில் பெரியப்பா நன்றி எழுதிக் கையெழுத்திட்டிருப்பது நினைவுக்கு வந்தது. அது நீல நிறம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பெரியம்மாவிடம் தொலைபேசியில் கேட்டு, சட்டத்தைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த கடைசி எழுத்தின் வால் மட்டும் பச்சையாம். "ஆமாப்பா, பச்சைதான்! இத்தனை வருஷமா நான் பார்க்கவே இல்லையே" என்று அவர் சொன்னபோது குரல் மாறியிருந்தது. வெயில் முகத்திலிருந்து அதை உள்ளறைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 30, ஞாயிறு

தீர்ந்தால் வேறெதை வாங்குவது என்று பார்க்க இரண்டு மைகளை வரவழைத்தேன். பெலிகன் 4001 பிரில்லியன்ட் கிரீன் நல்ல மை. ஆனால் கூடுதல் பளிச்சென்று, மாணவர் கையெழுத்துபோலத் துள்ளுகிறது. பைலட் இரோஷிசுகு ஷின்-ரியோக்கு நீலம் ஏறிய அடர்காட்டுப் பச்சை. அழகு அதிகம், ஆனால் பெரியப்பாவின் பச்சை இதுவல்ல. இரண்டையும் குப்பியில் கலந்து பார்த்தேன். நிறம் கிட்டத்தட்ட வந்தது; நான்காம் நாள் குப்பியின் அடியில் துகள் படிந்திருந்தது. பேனாவில் ஊற்றும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

பழைய மை இன்னும் 40 மில்லி இருக்கிறது. நீர் சேர்க்காமலே மூன்று பழுப்புக் கண்ணாடிக் குப்பிகளில் பிரித்து, மூடியைச் சுற்றிப் பட்டை ஒட்டி, பீரோவின் இருட்டில் வைத்துவிட்டேன். தேவைப்படும்போது ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் நீர் சேர்த்தால் போதும். அலமாரியில் மூடி வைத்த மூன்றாவது துண்டை அடுத்த ஜூனில்தான் பிரிப்பேன்; கறைபட்ட நகலையும் அதே உறையில் சேர்த்து வைத்திருக்கிறேன்.