எங்க வீட்டு ட்யூப்லைட்

போன ஞாயித்துக்கெழம பெங்களூரு அல்சூர்ல எங்க வீட்டு கிச்சன் ட்யூப்லைட் மக்கர் பண்ணிடுச்சு. ஸ்விட்ச் போட்டா ரெண்டு ஓரமும் சிவப்பா மினுங்குது, பத்து தடவ கண்ணடிக்குது, நடுவுல மட்டும் வெளிச்சமே வரல. எல்ஈடி மாத்திடலாம்மான்னா அம்மா ஒத்துக்கல, அது கண்ண குத்துதாம். சரின்னு தெருமுனை எலக்ட்ரீசியன் அண்ணன கூப்பிட்டேன், அவரு ஸ்டூல்ல ஏறி பழைய ஸ்டார்ட்டர திருகி எடுத்துட்டு புதுச மாட்டினாரு, பளிச்னு எரிஞ்சுது. அதோட விட்டாரா, எரிஞ்சிட்டு இருக்கும்போதே அந்த புது ஸ்டார்ட்டர கழட்டி கைல வச்சு காட்டுறாரு. லைட் அணையவே இல்ல! "பத்த வெக்கதான் சார் இது, பத்திக்கிச்சுன்னா அதுவா ஓடும்"னு சொல்லிட்டு திரும்ப மாட்டினாரு.

நாப்பத்தஞ்சு வயசுல இப்பதான் இத பாக்குறேன். காலேஜ்ல என் பட்டப்பேரே ட்யூப்லைட்டு, ஜோக்கு சொல்லி ரெண்டு நிமிஷம் கழிச்சுதான் சிரிப்பேன், அதனால இந்த விஷயமும் எனக்கு லேட்டா வந்ததுல ஆச்சரியம் இல்ல.

அன்னிக்கு ராத்திரி பூரா இதப்பத்தியேதான் படிச்சேன். அந்த குழாய்க்குள்ள கொஞ்சம் ஆர்கான், துளியூண்டு பாதரச ஆவி, அழுத்தம் ரொம்ப கம்மி. வாயு சாதாரணமா கரண்ட்ட விடாது, ஆனா ஸ்டார்ட்டர் தொடர்ப விடுற அந்த நொடியில சோக், அதான் பட்டியில இருக்குற கம்பிச்சுருள், பல நூறு வோல்ட்டுக்கு ஒரு உதை விடுது, அதுல அணுக்கள்ல இருந்து எலக்ட்ரான் பிச்சுக்கிட்டு வருது, அது போய் அடுத்த அணுவ இடிக்குது, அங்கிருந்து இன்னொன்னு கழண்டுக்குது, இப்படியே கரண்ட் ஓட ஒரு பாதை விழுந்துடுது. அந்த மாதிரி எலக்ட்ரான் தனியா, அத இழந்த அணு, அதாவது அயனி, தனியா திரியிற நிலைக்குதான் பிளாஸ்மான்னு பேரு, 1928ல இர்விங் லாங்மியூர்னு ஒரு அமெரிக்கர் வச்சது. நாங்க ஸ்கூல்ல திடம், திரவம், வாயுன்னு மூணத்தான் மனப்பாடம் பண்ணோம், தலைக்கு மேல நாலாவது எரிஞ்சிட்டு இருந்துச்சு, அந்த வெளிச்சத்துலதான் ஹோம்வொர்க்கே எழுதினோம்.

அதவிட பெரிய அதிர்ச்சி என்னன்னா, பிரபஞ்சத்துல நமக்கு தெரிஞ்ச சாதாரணப் பொருள்ல 99 சதவீதத்துக்கு மேல இந்த நாலாவதுதான். நட்சத்திரம் எல்லாமே பிளாஸ்மா, கேலக்ஸிகளுக்கு நடுவுல இருக்குற வாயுவும் பெரும்பாலும் அதேதான். கல்லு, தண்ணி, நம்ம உடம்பு, பெங்களூரு டிராஃபிக்கு எல்லாம் சேர்ந்து அந்த மிச்ச சொச்சத்துல அடங்கிடும். விதின்னு படிச்சது பூரா விதிவிலக்கு!

இதுல நான் ரெண்டு தடவ திருப்பி படிச்ச இடம் ஒண்ணு இருக்கு. ட்யூப்லைட்டுக்குள்ள ஓடுற எலக்ட்ரானோட வெப்பநிலை சுமார் 11,000 டிகிரி, சூரியனோட மேற்பரப்பே கிட்டத்தட்ட 5,500 டிகிரிதான். ஆனா கண்ணாடிய தொட்டா வெதுவெதுன்னு இருக்கு, அவ்ளோதான். எப்படின்னா, தீபாவளிக்கு மத்தாப்பு பொறி கைல விழுந்தா சுருக்குன்னு இருக்கும், அதே சூட்டுல ஒரு கம்பி பட்டா தோலே வழண்டுடும். சூடு ஒண்ணுதான், சரக்கு கம்மி. குழாய்க்குள்ளயும் சரக்கு கம்மி.

இந்த மத்தாப்பு கணக்குதான் மேல போகப்போக திரும்பத் திரும்ப வருது. சூரியனோட மேற்பரப்புக்கு வெளிய இருக்குற கொரோனா 10 லட்சம் டிகிரிக்கு மேல, ஆனா ரொம்ப ரொம்ப மெலிசு. அத பாக்கத்தான் 2023 செப்டம்பர் 2ம் தேதி இஸ்ரோவோட ஆதித்யா எல்1 விண்கலம் கெளம்பி போச்சு, அதுல கொரோனாவ பாக்குற பெரிய கருவிய செஞ்சது நம்ம கோரமங்களா வான் இயற்பியல் நிறுவனம், அதோட ஹொஸ்கோட்டே வளாகத்துலதான் பாகம் பாகமா சேர்த்து சோதிச்சிருக்காங்க. அந்த ஹொஸ்கோட்டேக்கு நான் விடியக்காலையில தம் பிரியாணி க்யூல நிக்கத்தான் போயிருக்கேன், பக்கத்துல இப்படி ஒரு வேலை நடந்தது தெரியவே தெரியாது.

சரி, சூரியன்ல இருக்குற அந்த பிளாஸ்மா எதுல ஆனது? எடைக்கு பாத்தா முக்கால்வாசி ஹைட்ரஜன், கால்வாசிக்கு கொஞ்சம் கம்மியா ஹீலியம், மத்த எல்லாம் சேர்ந்து ஒண்ணு ரெண்டு சதவீதம். இத கண்டுபிடிச்ச கதையில எனக்கு இன்னும் கோவம் இருக்கு. சூரிய ஒளிய நிறம் நிறமா பிரிச்சா நடுநடுவுல கருப்பு கோடுங்க இருக்கும், ஒவ்வொரு தனிமத்துக்கும் அதோட கோடு வேற, அதுல இரும்போட கோடுங்க ஏகப்பட்டது தெரியும், அதனால சூரியனும் பூமி மாதிரி சரக்குதான்னு எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க. 1920ல நம்ம நாட்டு இயற்பியலாளர் மேகநாத் சாஹா ஒரு சமன்பாடு போட்டாரு, எந்த சூட்டுல எந்த அழுத்தத்துல எத்தன அணு எலக்ட்ரான இழக்கும்னு. அத கைல எடுத்துக்கிட்டு செசிலியா பெய்ன்னு ஒரு இளம்பெண் ஹார்வர்டுல உக்காந்து கணக்கு போட்டாங்க. கோடு நிறைய தெரியுறதால சரக்கு நிறைய இருக்குன்னு அர்த்தம் இல்ல, அந்த சூட்டுல ஹைட்ரஜன்ல துளிதான் கோடு போடுற நிலையில இருக்கும், அப்படியும் கோடு தெரியுதுன்னா ஹைட்ரஜன் அங்க கொட்டிக் கெடக்குன்னு அர்த்தம். 1925 ஆய்வேட்டுல இது வந்துச்சு, ஆனா ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல்ங்குற பெரிய வானியலாளர் இது நடக்கவே நடக்காதுன்னு சொன்னதால, இந்த அளவு அனேகமா நிஜமா இருக்காதுன்னு அவங்க கையாலயே எழுத வேண்டியதாப் போச்சு. நாலு வருஷம் கழிச்சு அவரே வேற வழியில கணக்கு போட்டு அதே விடைக்கு வந்தாரு. அவர என்ன சொல்றது, என்னவிட பெரிய ட்யூப்லைட்!

கேலக்ஸிகளுக்கு நடுவுல இருக்குற பிளாஸ்மா கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். இவ்ளோ சாதாரணப் பொருள் இருக்கணும்னு கணக்கு சொல்லுது, தேடினா அதுல ஒரு பங்கு காணோம். ரொம்ப தூரத்துல இருந்து சில மில்லிசெகண்ட் மட்டும் வர்ற ரேடியோ வெடிப்புங்க இருக்கு, வழியில எலக்ட்ரான் இருந்தா அதோட தாழ்ந்த அலைவரிசை கொஞ்சம் லேட்டா வந்து சேரும், எவ்ளோ லேட்டுன்னு பாத்தா வழியில எவ்ளோ சரக்குன்னு தெரிஞ்சிடும். அப்படி 2020ல கணக்கு நேராச்சு. தாமதத்த வச்சு பொருள கண்டுபிடிச்சிருக்காங்க, என்ன மாதிரி ட்யூப்லைட்டுங்களுக்கு ஒரு மரியாதை.

இத எல்லாம் மறுநாள் காலைல காபி குடிச்சிட்டே அம்மாகிட்ட சொன்னேன், பாவம் பொறுமையா கேட்டாங்க. அப்புறம்தான் நான் வாய வச்சுட்டு சும்மா இல்லாம, நட்சத்திரம், வாயு, நாம எல்லாம் சேர்ந்தும் பிரபஞ்சத்துல 5 சதவீதம்தாம்மா, 27 சதவீதம் டார்க் மேட்டர், 68 டார்க் எனர்ஜி, அது ரெண்டும் என்னன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்.

"நூத்துக்கு அஞ்சு வாங்கிட்டுதான் இவ்ளோ பேச்சா"ன்னு டம்ளர எடுத்துட்டு போயிட்டாங்க.

பழைய ஸ்டார்ட்டர் டேபிள்லயே கெடந்துச்சு. பொண்ணு அதோட பிளாஸ்டிக் மூடிய நெம்பி எடுத்துட்டா, உள்ள விரல் நுனி சைஸுல ஒரு கண்ணாடி குமிழ், அதுக்குள்ள வளைஞ்ச ஒரு சின்ன தகடு. இதுக்குள்ளயும் வாயு இருக்காப்பான்னா. இருக்கு, ஸ்விட்ச் போட்டதும் மொதல்ல எரியிறதே இதுதான்னேன், ஒரு செகண்ட் எரிஞ்சு தகடு சூடாகி ஒட்டிக்கும், அதுக்கப்புறம்தான் மத்தது எல்லாம். கொமரகட்டு டப்பாவுல போட்டு அவ ஸ்கூல் பையில வச்சுக்கிட்டா.