ஏழு மணிச் சோறு

மே 18
ஆஸ்துமாக்காரிக்கு விடிந்ததும் முதல் வேலை, மூச்சின் வேகம் அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதுவது. காலையில் ஊதிப் பார்த்ததில் 290. என் உச்சம் 380. அதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மஞ்சள், அதாவது எச்சரிக்கை. இன்று மஞ்சள்.

மே 19
அத்தை தயிரைக் கீரைக்கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். நான் என்ன திருடியா?

மே 21
பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. தயிர், வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு, வெள்ளரி. இன்று முதல் தக்காளியும் கிடையாதாம். எல்லாம் குளிர்ச்சி. பால் குடித்தால் சளி கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, தொண்டையில் கொஞ்ச நேரம் திக்காகத் தெரியும், அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னதை அத்தை காதிலேயே வாங்கவில்லை. 2012இல் ஆஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு வந்தது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஒரு பகுதியினருக்குக் காய், பழத்தைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நிறைய சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு ஆஸ்துமா திடீரென மோசமாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். காய் பழத்துக்குப் பதிலாகத் தக்காளிச் சத்தை மாத்திரையாகக் கொடுத்தும் பலன் இல்லை. இங்கே தட்டிலிருந்து தக்காளியைத் தூக்குகிறார்கள்!

பாயசத்தில் மிதக்கும் மஞ்சள் திராட்சை மட்டும் பட்டியலில் இல்லை. அந்த நிறம் மங்காமல் இருக்கக் கந்தகப் புகை காட்டுகிறார்கள். சிலருக்கு அதுவே மூச்சை இழுக்க வைக்கும். சொன்னால் பாயசமும் போய்விடும். சொல்லவில்லை.

மே 22
புழுக்கம். ரோட்டாஹேலரில் மருந்துப் பொடியை இழுத்தேன். வாய் கொப்பளிக்க மறக்கக் கூடாது.

மே 26
ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அசுரப் பசி. நாலு மணிக்கே தோசை.

மே 29
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். நெஞ்சில் புளிப்பு, அப்புறம் இருமல், அப்புறம் வீசிங். இந்த வரிசை மாறுவதே இல்லை. வயிற்று அமிலம் மேலே ஏறினால் மூச்சுக்குழாய் சுருங்குமாம். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடச் சொல்கிறார் டாக்டர். வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வரவே பத்தாகிறது. அவருக்குப் பரிமாறி, நான் உட்காரும்போது பத்தரை. பாத்திரம் கழுவி, பதினொன்றரைக்குப் படுக்கை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று தெருவே கேட்கிறது. எத்தனை மணிக்கு என்று இந்த வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை.

மே 30
அண்ணி போன். மிருகசீரிஷத்துக்கு ஹைதராபாத்தில் ஒரு குடும்பம் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் மீன் மருந்துக்காகப் போகிறாள், நானும் வரணுமாம். சார்மினார் எக்ஸ்பிரஸில் தட்கல் போடுகிறாளாம். உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து, அப்படியே விழுங்க வேண்டும். சைவக்காரர்களுக்கு வெல்லம். மருந்தில் என்ன இருக்கிறது என்பது அந்தக் குடும்பத்து ரகசியம். நாற்பத்தைந்து நாள் பத்தியம் வேறு. இன்னொரு பட்டியல்!

ஜூன் 1
ஏழு மணிக்குத் தனியாகச் சாப்பிட்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சுவர்க்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார்.

ஜூன் 2
330. ஒரு ராத்திரியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இருந்தாலும் 330.

ஜூன் 4
பின்தெருவில் குப்பையை எரித்தார்கள். 280. இதற்கு எந்தச் சாப்பாட்டைக் குறை சொல்வது? "நேத்து தக்காளி ரசம் வச்சியே" என்கிறார் அத்தை.

ஜூன் 6
அண்ணியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கோபம். "உனக்குப் படிச்ச திமிர்" என்றாள். இருக்கட்டும்.

அவரிடமும் பேசினேன். "நீ முன்னாடியே சாப்பிடு, நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?" என்றார். உண்மைதான், வேண்டாம் என்று சொன்னதே இல்லை. சாப்பிடு என்றும் சொன்னதில்லை. இன்று ஆறே முக்காலுக்கே குக்கரை வைத்துவிட்டேன்; மூணு விசில் ஆச்சு, போய் இறக்கணும்.