பஸ் திரும்புகிற இடம்

அம்மாவுக்குத் தனிவீடு கிடைத்தது 2018 இல். ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு, இரண்டு அறை, குசினி, வீட்டோடு சேர்ந்த கழிவறை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்றான பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்து பேராக வளர்ந்தவள் நான். சாவி கொடுத்த அன்று அம்மா முன்கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அப்புறம் வெளியே வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி நடந்தார். லயத்தில் அப்படி நடக்க முடியாது, பக்கத்துக் காம்பராவின் சுவர்தான் நம்முடைய சுவரும். நாலு பக்கமும் சுற்றி வரக்கூடிய வீடு அவருக்கு அறுபத்தொரு வயதில் வாய்த்தது.

அந்த வீட்டின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வீட்டு வாசலுக்கு வெளியேதான் தொடங்குகிறது.

பழைய லயம் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. பஸ் ஸ்டோர் வரைக்கும் வரும், இறங்கினால் ஐந்து நிமிட நடை. புதிய வீடுகளைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில், தேயிலை பிடுங்கிய மலையில் கட்டினார்கள். ஸ்டோரிலிருந்து இரண்டு கிலோமீற்றர் ஏற்றம். பஸ் அங்கே போகாது. முழங்கால் வலிக்காரியான அம்மா மாதக் கிளினிக்குக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டும். 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவானபோது தோட்டத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நேரத்தில் ஸ்டோர் சந்திக்கு ஆட்டோவில் போய் வர 600 ரூபா. எரிபொருள் விலை ஏறிய பிறகு அம்மா கிளினிக் நாளில் விடியற்காலையிலேயே குறுக்குப் பாதையால் இறங்கத் தொடங்கினார். மழை நாளில் அந்தக் குறுக்கில் ஆடு கூட வழுக்கும். வேண்டாம் என்று நான் சொன்னால், "நீ டவுன்ல இருக்க, ஒனக்குத் தெரியாது" என்பார்.

நான் ஹட்டன் டவுனில் ஒரு சின்ன அலுவலகத்தில் வீட்டு பிளேன் வரைகிறேன். பதினாறு வருடமாக இதே வேலை. காணியைத் துண்டு போடுகிற படங்களும் வரைவதுண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் வருகிற காணிகளுக்கு ஒரு விதி இருக்கிறது. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு போட்டால், பாதைகளைக் கழித்து மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்க வேண்டும். காணி விற்பவர்களுக்கு இந்த விதியைக் கண்டால் ஆகாது. மூலையில் பள்ளமாகக் கிடக்கிற துண்டைக் காட்டி, "தங்கச்சி, பத்து வீதத்த அங்க போட்டுருங்க" என்பார்கள். நான் எத்தனையோ தடவை அப்படி வரைந்து கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் மனம் உறுத்துகிறது.

அம்மாவின் புதிய கிராமத்தில் அறுபது வீடுகள். ஏழேழு பேர்ச்சஸாக 420. அதாவது இரண்டரை ஏக்கருக்கு மேல், ஒரு ஹெக்டேயரையும் தாண்டிவிட்டது. டவுனுக்குள் இருந்தால் 42 பேர்ச்சஸ் பொது நிலம் கட்டாயம் விட்டிருக்க வேண்டும். ஒரு வலைப்பந்துத் திடல் போட்டு, பக்கத்தில் ஒரு முன்பள்ளியும் கட்ட அது தாராளமாகக் காணும். ஆனால் இது தோட்டம், அந்த எல்லைக்கு வெளியே. படத்தில் வீடுகளும் அவற்றுக்கு நடுவே கொங்கிரீட் பாதையும் மட்டுமே. பையன்கள் அந்தச் சரிவுப் பாதையில்தான் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். பந்து தேயிலைக்குள் உருண்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. பொம்பிளைப் பிள்ளைகள் விளையாடுவதை நான் அங்கே பார்க்கவே இல்லை. லயத்தில் இருந்தபோது நாங்கள் பெரட்டுக் களத்தில் பாண்டி விளையாடினோம். காலையில் ஆள் பிரிக்கிற இடம், பகலில் சும்மா கிடக்கும்.

மலையில் பிறந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: இங்கே தங்கத்தை விட அரிதானது மட்டமான நிலம். வெள்ளைக்காரனுக்கும் அது தெரிந்திருந்தது. நுவரெலியாவைப் பாருங்கள். கிரகரி வாவி 1873, குதிரைப் பந்தயத் திடல் 1875, கோல்ஃப் மைதானம் 1889, விக்டோரியா பூங்கா 1897. பள்ளத்தாக்கின் சமதரையை நடந்து போகிற தூரத்துக்குள் நீருக்கும் புல்லுக்கும் நிழலுக்கும் ஒதுக்கிவிட்டான். ரயில் 1867 இல் கண்டிக்கு வந்தது, 1885 இல் நானுஓயாவுக்கு ஏறியது, 1924 இல் பதுளையைத் தொட்டது. வீடு, பாதை, பூங்கா, போக்குவரத்து எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்த காரியம் என்று அவன் அறிந்தே இருந்தான், தனக்காக. லயங்களை வைத்தபோது அவனுக்கு இருந்த கணக்கு வேறு: கொழுந்து மலைக்கும் ஸ்டோருக்கும் ஆள் நேரத்துக்கு வர வேண்டும். தோட்டத்தில் மட்டமான இடம் என்றால் ஸ்டோர், துரை பங்களாவின் புல்தரை, பெரட்டுக் களம். மிச்சம் எங்காவது இருந்தால் அது கோயிலுக்கும், காமன் கூத்து நடக்கிற காமன் பொட்டலுக்கும்.

விடுமுறையில் நுவரெலியாவுக்குப் போய் அந்தப் பூங்காவில் பிள்ளைகளை ஓட விடும்போது எனக்குச் சந்தோஷமும் வரும், தொண்டையும் அடைக்கும். டிக்கட் எடுத்து ஒரு நாள் ஓடுகிறார்கள்.

கொழும்புக்கு 1921 இல் நகரத் திட்டம் எழுதிய பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரரைப் பற்றி எங்கள் டிப்ளோமா வகுப்பில் ஒரு சேர் விரும்பிச் சொல்லுவார். அதற்கு முன்பே தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றுக்கும் அறிக்கை எழுதியவர், படிப்பால் உயிரியல்காரர். முதலில் ஊரை நடந்து பார், அப்புறம் படம் போடு என்பதுதான் அவர் முறை. மேல்கணக்கு வீடுகளுக்குப் படம் போட்டவர் கிளினிக் நாளில் ஒரு தடவை அம்மாவோடு அந்தக் குறுக்கில் இறங்கியிருந்தால் போதும்.

யாரையும் தனியாகக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. காணி அரசுடையது, 1992 முதல் கம்பனிகள் கையில். வீடு ஓர் அமைச்சின் காசு. பஸ் பேர்மிட் மாகாணத்தின் கையில். மைதானம் என்றால் இன்னொரு அமைச்சு. உள்ளூர்ப் பாதையைப் பார்க்க வேண்டியது பிரதேச சபை. ஆனால் 1987 ஆம் ஆண்டின் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவால் தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்கவே முடியாமல் இருந்தது. நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த உறுப்பினர் எங்கள் வாசலில் தண்ணீர் ஓட ஒரு கான் வெட்டித் தரச் சட்டம் இடம் தரவில்லை. 2018 இல்தான் அதைத் திருத்தினார்கள். அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகளைப் பிரித்துக் கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகளையும் சேர்த்து ஆறாக்கினார்கள். அதனால் இன்று கேட்பதற்கு ஒரு கதவாவது இருக்கிறது.

சரி, இதை இப்போது எழுதக் காரணம் போன மாதம் நடந்தது.

கீழ்க்கணக்கில் இரண்டு லயம், 24 குடும்பம். அவர்களுக்கும் வீடு வரப்போகிறது. இளைஞர்கள் இரண்டு பேர் அலுவலகத்துக்கு வந்து, "அக்கா, இந்தப் படத்தக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று ஃபோட்டோ கொப்பியை நீட்டினார்கள். 19 வீடு லயத்துக்குப் பின்னால் உள்ள சாய்வில். மிச்சம் ஐந்தும் காமன் பொட்டலில்.

அந்தப் பொட்டல் ஏறக்குறைய 40 பேர்ச்சஸ். மாசி மாதம் காமன் நட்டு, பௌர்ணமி வரை அங்கேதான் கூத்து. நான் முதன்முதலில் ரதியையும் மதனையும் பார்த்தது அங்கேதான், அப்பாவின் தோளில் உட்கார்ந்து. மற்ற நாளெல்லாம் பிள்ளைகளின் மைதானம். கலியாணத்துக்குப் பந்தல் போடுவதும் அங்கே, செத்த வீட்டுக்கு ஆள் கூடுவதும் அங்கே.

ஐந்து வீட்டை ஏன் அங்கே போட்டார்கள் என்று எனக்கு உடனே விளங்கியது. இந்த மாவட்டத்தில் வீடு கட்டுவதற்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். சமதரை என்றால் அது சுலபம். அந்த அறிக்கையை நான் ஒருநாளும் இலேசாக எடுக்க மாட்டேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. முன்பே எச்சரிக்கை கொடுத்திருந்த இடம் அது. அந்த வாரம் முழுக்க அம்மா தூங்கவில்லை. அதனால் மைதானத்தை விட்டுவிட்டு வீடுகளை இன்னும் மேலே தள்ளுங்கள் என்று சொல்ல என் வாய் வராது.

இரண்டு இரவு உட்கார்ந்து யோசித்தேன். மட்டமான இடம் இன்னொன்று கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. லயம்தான். முன் வாசலும் பின்னால் உள்ள மரக்கறிப் பாத்திகளும் சேர்ந்து பன்னிரண்டு காம்பரா லயம் ஒன்று கிட்டத்தட்ட 35 பேர்ச்சஸ் பிடித்திருக்கிறது. ஐந்து ஏழு முப்பத்தைந்து. முதலில் 19 வீட்டையும் கட்டி, அவ்வளவு குடும்பமும் போனதும் ஒரு லயம் காலியாகும், மிச்ச ஐந்து குடும்பமும் அதுவரை மற்ற லயத்தில் இருக்கலாம். அதை இடித்து, அறிக்கையும் எடுத்து, அந்த இடத்தில் ஐந்து வீட்டைக் கட்டலாம். பீலித் தண்ணீர் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, பாதையும் இருக்கிறது. பொட்டல் பொட்டலாகவே இருக்கும்.

அப்புறம் பஸ். கீழ்க்கணக்குக்கு பஸ் ஏன் வருவதில்லை என்று கேட்டால் பாதை சரியில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த வழியில் ரோசா பஸ் ஓட்டுகிற அண்ணனிடம் கேட்டேன். "பாதையில எப்படியாவது ஏறிருவேன் தங்கச்சி. மேல போய் எங்க திருப்புறது? ஒன்றரை மைல் ரிவர்ஸ்லயா வாறது?" என்றார். பதினாறு வருடம் படம் வரைந்த எனக்கு அது தோன்றவே இல்லை. பொட்டலின் ஓர் ஓரம் பாதையைத் தொடுகிறது. அந்த ஓரத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கினால் பஸ் அங்கே திரும்பும். காலையில் இரண்டு தடவை, பின்னேரம் இரண்டு தடவை. மற்ற நேரமெல்லாம் இடம் பிள்ளைகளுக்கு.

இதை வரைந்து கொண்டு போய்க் கோயில் மடுவத்தில் காட்டினேன். தலைவர் ஒத்துக்கொண்டார், இளைஞர்களுக்கு நல்ல சந்தோஷம். ஆனால் இரண்டாவது லயத்து அக்கா ஒருவர் எழுந்து கேட்டார்: "பத்தொம்பது வீட்டக் கட்டிட்டு, காசு முடிஞ்சி போச்சின்னு போயிட்டா? அந்த அஞ்சி குடும்பம் நாங்களா இருந்தா?"

யாரும் பதில் சொல்லவில்லை. இப்போதைய படத்தில் அவருக்குப் பொட்டலில் வீடு இருக்கிறது. என் படத்தில் அவர் காத்திருக்க வேண்டும். பாதியில் நின்ற அத்திவாரங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை தோட்டத்தில் புல் மூடிக் கிடக்கின்றன என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்தேன். காம்பராவில் மூன்று தலைமுறை. அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு, பாடசாலை வலைப்பந்து அணியில் இருக்கிறாளாம், பழகுவதற்கு இடமில்லையாம். அக்காவிடம் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஐந்து வீட்டுக்குமான காசை முதலிலேயே பிரித்து ஒதுக்கி எழுத்தில் தந்தால்தான் லயத்தில் கை வைக்கலாம் என்று, படத்தோடு பிரதேச சபைக்குக் கொடுக்கவிருந்த மனுவில் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை அவரே வாசித்துப் பார்த்து, "இத மொதல்ல போடுங்க" என்றார். முதல் வரியாக்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பொட்டலை அளந்தோம். மெஷர் டேப் மழையில் சுருண்டுகொண்டது. ஒரு பையன் ஆடு கட்டுகிற கயிற்றை எடுத்து வந்தான். நடுவில் முளை அடித்து, ஒன்பது மீட்டர் கயிற்றைப் பிடித்துப் பிள்ளைகள் சுற்றி ஓடினார்கள், பின்னால் ஒருவன் சுண்ணாம்பு தூவிக்கொண்டே. பஸ் அண்ணன் கடைசி ட்ரிப்பை முடித்துவிட்டு வெறும் பஸ்ஸோடு ஏறி வந்தார். அந்த வட்டத்துக்குள் ஒரே திருப்பில் திருப்பினார். சக்கரம் சுண்ணாம்பைத் தொடவில்லை. காமன் நடுகிற கல்லுக்கும் சக்கரத் தடத்துக்கும் இடையில் நாலு எட்டு தூரம் இருந்தது.

மனு அடுத்த புதன்கிழமை சபைக்குப் போகிறது. படத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் வீட்டுத் திட்டம் வரப்போகிறது என்றால், கல் நடுவதற்கு முன்னால் கேளுங்கள், அனுப்புகிறேன்.