பாட்டி சொன்ன மூன்று வருடம்

"அந்த ரெண்டு வார்த்தையை மட்டும் வெட்டிடுங்கண்ணே. யாருக்குத் தெரியப் போகுது?"

முடியாது என்றேன். நடந்தது இவ்வளவுதான். இதில் மண்டையைக் குடைய என்ன இருக்கிறது என்று வீட்டில்கூடக் கேட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் குடைகிறது.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு இடுபணி திருத்திக் கொடுப்பதும், வகுப்பில் அவர்கள் செய்யும் படைப்புக்குச் சிலைடு, ஒலி, படம் எல்லாம் சேர்த்துக் கொடுப்பதும் என் தொழில். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இதைச் செய்கிறவர்கள் அதிகம் பேர் இல்லை. கட்டுரையை நான் எழுதித் தர மாட்டேன். வாக்கியத்தைச் சீர் பார்ப்பேன், நூல்பட்டியலை ஒழுங்கு செய்வேன், எட்டாம் பக்கத்தில் ஓர் எண்ணும் பதினாறாம் பக்கத்தில் வேறோர் எண்ணும் இருந்தால் சுற்றிக் காட்டுவேன். அந்தப் பெண்ணுடைய கட்டுரையில் நான் சுற்றிக் காட்டியதும் அப்படி ஒன்றைத்தான்.

தலைப்பு, சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு போகப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள். இரண்டாம் உலகப் போரில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில்பாதை அது. கட்டுரை மலாயில் இருந்தது. நடுவில் அவளுடைய பாட்டியின் பேட்டி, கைப்பேசியில் தமிழில் பதிவு செய்தது. பாட்டியின் அப்பா சயாமுக்குப் போய் உயிரோடு திரும்பியவர். படைப்பில் அந்தக் குரல் ஒரு நிமிடம் வரவேண்டும், கீழே மலாய் வரிகள் ஓடவேண்டும். நல்ல யோசனை. இப்படித் தன் வீட்டுக் கதையைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் குறைவு. பெரும்பாலும் இணையத்திலிருந்து எடுத்ததைத்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

பாட்டி பேசியது இப்படி: "எங்கப்பாவ லாரியில ஏத்திட்டுப் போய்ட்டானுங்க. மூணு வருசம். எங்கம்மா மரவள்ளிய நட்டு, அதையே அவிச்சுக் குடுத்து எங்கள வளத்துச்சு."

அதற்கு அடுத்த சிலைடில் காலவரிசை. 1942 செப்டம்பரில் பாதை வேலை தொடக்கம். 1943 அக்டோபர் 17, இரண்டு முனையும் இணைந்தது, மொத்தம் 415 கிலோமீட்டர். 1945 ஆகஸ்டு 15, ஜப்பான் சரண். அதன் கீழே கொள்ளுத்தாத்தாவின் விவரம்: 1943 நடுவில் போனார், 1946 பொங்கலுக்குச் சற்று முன் திரும்பினார், ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. இது அவள் தன் அப்பாவிடம் கேட்டு எழுதியது. மலாயாவிலிருந்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாக அனுப்பியது 1943-இல்தான் என்பதால் புத்தகக் கணக்கோடும் ஒத்துப்போகிறது. காதில் மூணு வருசம், கண்ணில் இரண்டரை. இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன.

சொன்னேன். உடனே அவள் வெட்டச் சொன்னாள்.

வெட்டுவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்ததால்தான் எனக்கு அவ்வளவு வேகமாக 'முடியாது' என்று வாயில் வந்ததோ என்னவோ. ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருளில் அந்த இடத்தைப் பெரிதாக்கினால், 'போய்ட்டானுங்க' முடிந்ததும் அலைக்கோடு கிட்டத்தட்டத் தட்டையாகப் படுத்துவிடும். தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் மட்டும் மெல்லிய ரோமம் மாதிரி தெரியும். அப்புறம் 'மூணு', அதற்குப் பின் பாட்டி மூச்சு இழுக்கும் சத்தம், பிறகு 'வருசம்'. அந்தத் துண்டை எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டினால் ஒட்டிய இடம் யாருக்கும் தெரியாது. கட்டுரையில் வரி வரியாக அடித்து எறிகிறவன் நான், ஒரு நாளும் கை கூசியதில்லை. ஆனால் அது அந்தப் பிள்ளை எழுதிய வரி, அவள் ஒப்புக்கொண்டால் போதும். இது பாட்டியின் வாய்ப்பேச்சு. சொன்னவர் அங்கே இல்லை.

"வெட்ட வேணாம்மா. கீழே ஒரு குறிப்புப் போட்டுடலாம்" என்றேன். குறிப்பையும் நானே வாசகம் சொன்னேன்: நேர்காணலில் மூன்று ஆண்டு எனக் கூறப்படுகிறது, பிற தகவல்களின்படி ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. அவளுக்கு அரை மனசுதான். சரிண்ணே என்று போட்டுக்கொண்டு போனாள்.

படைப்பன்று விரிவுரையாளர் அந்தக் குறிப்பைத்தான் பிடித்துக்கொண்டார். உன் சாட்சியே காலத்தில் தடுமாறுகிறார் என்றால் மற்றதை எதை வைத்து நம்புவது என்று கேட்டிருக்கிறார். இவளுக்குப் பதில் வரவில்லை. புள்ளியில் பெரிய அடி இல்லை. ஆனால் முப்பது பேருக்கு முன்னால் பாட்டியை விட்டுக்கொடுத்துவிட்டு நின்ற மாதிரி இருந்தது என்றாள். வெட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்பதையும் சொல்லத் தவறவில்லை.

விரிவுரையாளரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆய்வென்றால் சாட்சியைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். பிள்ளைகள் பாட்டி சொன்னார், தாத்தா சொன்னார் என்று எதையும் எழுதிவிடக் கூடாது. அவர் கேட்டது முறையான கேள்வி.

ஆனால் பாட்டி என்னிடம் கேட்டது வேறு கேள்வி. அதுதான் என்னை விடவில்லை. கோயில் வாசலில் பார்த்தேன். பேத்தி வீட்டில் என்ன சொன்னாளோ, அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ.

"ஏன் தம்பி, நான் கணக்குத் தப்பாச் சொன்னேன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்களாமே?"

அப்படி இல்லை பாட்டி என்று தேதியெல்லாம் விளக்கப் பார்த்தேன். அவர் முழுதாகக் கேட்கவில்லை. "மூணு தீவாளி தம்பி. எங்கப்பா இல்லாம மூணு தீவாளி. எங்கம்மா எண்ணி வச்சிருந்துச்சு. நாலாவதுக்குத்தான் அவரு இருந்தாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுக்கிற குரலில் சொன்னார்.

நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். 1943, 1944, 1945. மூன்று தீபாவளியும் அவர் வீட்டில் இல்லை. புத்தகத்துக் கணக்கிலும் இல்லை. பாட்டி சொன்னதும் சரி, சிலைடில் இருந்ததும் சரி. ஒரு வீட்டில் ஆள் இல்லாத காலத்தை மாதத்தால் அளக்காமல் தீபாவளியால் அளந்திருக்கிறார்கள். விரிவுரையாளருக்கு இந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கும். அவ்வளவு அழகான பதில் அந்த வகுப்பில் வேறு யாரிடமும் இருந்திருக்காது.

அதைக் கேட்டுவருவது என் வேலையா? இல்லை. நான் திருத்துகிறவன், களத்துக்குப் போகிறவன் அல்ல. பேட்டி எடுத்தவள்தான் 'எதை வச்சுப் பாட்டி மூணு வருசம்ங்கிறீங்க' என்று கேட்டிருக்க வேண்டும். இதைப் பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டுவிட்டேன், சரியாகத்தான் படுகிறது. இருந்தாலும் அந்தக் குறிப்பின் வாசகம் என்னுடையது. அது பாட்டியை மட்டும்தான் கூண்டில் ஏற்றியது.

அதே படைப்பில் இன்னோர் எண்ணும் இருந்தது. அந்தப் பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். அது வெறும் மதிப்பீடு, புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. அதன் கீழே நான் குறிப்பு எதுவும் போடச் சொல்லவில்லை, விரிவுரையாளரும் கேட்கவில்லை. அச்சில் வந்த எண் என்பதால் இரண்டு பேரும் தாண்டிப் போய்விட்டோம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அந்தப் பாதையில் செத்த போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரும் தேதியும் வெட்டியிருக்கிறார்கள். கைதிகள் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதினார்கள், படையிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது. மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் போனார்கள், பெரும்பாலும் நம்மவர்கள். யார் எந்தத் தேதியில் லாரி ஏறினார், எந்த முகாமில் காலராவில் போனார் என்று எழுதி வைக்க அவர்களுக்கு யாரும் இல்லை. லயத்தில் காத்துக்கிடந்த ஒரு பெண்பிள்ளை தீபாவளியை எண்ணி வைத்ததுதான் அந்த வீட்டின் பதிவேடு. அதைக் கொண்டுபோய்ப் பதிவேடு வைத்திருந்தவர்களின் தேதியோடு நிறுத்தி, இது தடுமாறுகிறது என்றோம்.

இப்படியெல்லாம் யோசித்த பிறகும் வெட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெட்டியிருந்தால் அந்த மூணு வருசம் தடமில்லாமல் போயிருக்கும், கோயில் வாசலில் பாட்டி கேட்டிருக்கவும் மாட்டார், தீபாவளிக் கணக்கு எனக்குத் தெரியவும் வந்திருக்காது. ஆனால் இது எனக்குக் கிடைத்த லாபம். எண்பது வயதைத் தாண்டிய ஒருவருக்குத் தன் அம்மாவின் கணக்கைப் படித்தவர்கள் சந்தேகப்பட்டார்கள் என்பதுதான் கிடைத்தது. குரலைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். குரலுக்குரியவரைக் காப்பாற்றினேனா என்று கேட்டால் வாய் அடைத்துப்போகிறது.

போன மாதம் அவள் மறுபடி வந்தாள். இறுதியாண்டுக் கட்டுரைக்கும் இதே தலைப்பை விரிவாக்கப் போகிறாளாம். பழைய பதிவை வெட்டாமல் அப்படியே போடப்போகிறாள், காலவரிசையை மூன்று தீபாவளியாகப் பிரித்து எழுதப்போகிறாள். தேதிகளை விட்டுவிடாதே, அதுவும் வேண்டும் என்றேன். தேதி இருக்கும், ஆனால் தீபாவளிக்குக் கீழேதான் இருக்கும் என்றாள். அது ஆய்வு முறைக்கு ஒத்துவராது என்று எனக்குப் படுகிறது. அவளிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டாள், மாற்றுகிறேன் என்று சொல்லவில்லை.

"குறிப்பை மட்டும் இந்தத் தடவை நானே எழுதுறேண்ணே."

எழுதிக்கொண்டு வா, பார்க்கிறேன் என்றேன். அதில் கை வைக்கத் தோன்றினால் வைப்பேனா, விட்டுவிடுவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.