தூரத்து ஊர் அநியாயம்

வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். நூலகப் பொறுப்பும் என் தலையில்தான். நூலகம் என்றால் மூன்று பீரோ, ஒரு சாவிக்கொத்து. போன வருஷம் ஒரு மாணவியின் அப்பா ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்ற அமெரிக்க நாவலோடு வந்தார். கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் சொல் வருகிற பக்கங்களில் எல்லாம் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துச் செருகியிருந்தார். "இன்னா மிஸ், பசங்களுக்குக் குடுக்கிற புஸ்தகமா இது?" குரலில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது.

அமெரிக்காவிலேயே ஓயாத சண்டை இது. ஆனால் தடை கேட்டவர்களின் காரணங்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. 1885-இல் மாசசூசெட்ஸின் கன்கார்டு நூலகம் மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலை வெளியே தள்ளியபோது இனவெறி பற்றிப் பேச்சே இல்லை, கொச்சையாக இருக்கிறதாம். 1966-இல் வர்ஜீனியாவின் ஹனோவர் கவுன்டி பள்ளி வாரியம் ‘மாக்கிங்பேர்ட்’டை ஒழுக்கக்கேடு என்றது. அந்த வாரியத்தை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் சொல்லி, அதற்குப் பணமும் அனுப்பினார் நாவலை எழுதிய ஹார்ப்பர் லீ!

இப்போதைய எதிர்ப்பை அப்படிச் சிரித்துத் தள்ள முடியாது. ஒரே ஒரு கறுப்பினப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பில் மற்றவர்கள் அந்தச் சொல்லை உரக்க வாசித்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? 2022-இல் வாஷிங்டன் மாநிலத்து முக்கில்டியோ பள்ளி வாரியம் ‘மாக்கிங்பேர்ட்’டை ஒன்பதாம் வகுப்பின் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்தது. விரும்பும் ஆசிரியர் நடத்தலாம் என்றும் விட்டது. இதைத் தடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு ‘மாக்கிங்பேர்ட்’ நடத்துவது சுலபம். பொய் வழக்கில் மாட்டிய கறுப்பரான டாம் ராபின்சனுக்காக வாதாடும் அட்டிகஸ் ஃபின்ச் பக்கம் வகுப்பே சாய்ந்துவிடும். கதை நடக்கும் அலபாமா எங்கேயோ இருக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. ஒருநாள் தமிழ்ச் சிறுகதை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன், ஊரும் காலனியும் வருகிற கதை. ஒரு மாணவன் வாசித்துக்கொண்டிருந்தான். சாதிப் பெயர் வந்ததும் முன் பெஞ்சுப் பையன் திரும்பிப் பின்னால் பார்த்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். யார் வீட்டில் தோல் ஷாப் வேலைக்குப் போகிறார்கள் என்பது அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பின் பெஞ்சில் ஒரு பெண் ஸ்கேலின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். மணி அடிக்கும்வரை தலை தூக்கவில்லை.

அதற்காகக் கதையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தலைகள் எங்கே திரும்பும் என்பது கதை வருவதற்கு முன்பே முடிவானது. வசவு வரும் பக்கத்தை மாணவர்களை வாசிக்க வைக்காமல் நானே வாசிக்கிறேன், என்ன வரப்போகிறது என்று முதல்நாளே சொல்லிவைக்கிறேன். திரும்பிப் பார்க்கிறவனை அங்கேயே நிறுத்தி, "என்னப்பா பார்க்கிறே?" என்று கேட்கவும் வேண்டியிருக்கிறது. புத்தகத்தைப் பூட்டி வைப்பதைவிட இது கஷ்டம்தான்.

2021-இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து தலித் எழுத்தாளர்கள் பாமா, சுகிர்தராணி எழுத்துகளை நீக்கியது. சுகிர்தராணி நமக்கு அடுத்த ஊர், லாலாப்பேட்டைக்காரர். அவரும் பள்ளி ஆசிரியர்தான். நீக்குவதற்காவது முதலில் சேர்த்திருக்க வேண்டுமே! இங்கே தடை உத்தரவெல்லாம் வராது. பீரோ சாவி கிடைக்காது, அவ்வளவுதான்.

அந்த அப்பாவிடம், மகள் முழுக்க வாசித்து முடிக்கட்டும், அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம் என்றேன். சரி என்று போனார். இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு ‘மாக்கிங்பேர்ட்’டையும் சுகிர்தராணி கவிதைகளையும் சேர்த்தே கேட்டு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். நாவலுக்கு உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கவிதைகளை, "அப்புறம் பார்க்கலாம் மிஸ், பேரன்ட்ஸ் மீட்டிங்ல பிரச்சினை ஆயிடும்" என்கிறார்கள்.