லைன் போதும், வரிசைதான் பிழை

அறுகம்பேயில் சீசன் சூடு பிடித்தால் விடுதிக்காரர் பலருக்கும் ஒரே முறைப்பாடுதான்: பக்கேஜைக் கூட்டியாச்சு, ஆனாலும் இரவில் வாட்ஸ்அப் கோல் விட்டு விட்டுத்தான் கேட்குது. கல்முனையில் சூமில் வகுப்பு நடத்தும் ரியூசன் நிலையங்களிலும் இதே கதைதான்.

காசு கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். லப்டொப்பைக் கேபிளில் கொழுவி, 8.8.8.8 என்ற கூகுளின் சேர்வருக்குப் பிங் (ஒரு சின்னப் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, அனுப்பி அது போய் வரும் நேரத்தை அளப்பது) ஓட விடுங்கள். சும்மா கிடக்கும்போது 40 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு ஃபோனில் இருந்து பெரிய வீடியோ ஒன்றை அப்லோட் பண்ணுங்கள். பிங் 700, 800 என்று ஏறினால், மோடத்தின் பஃபரில் (அனுப்பக் காத்திருக்கும் தரவு நிற்கும் நினைவகத்தில்) பாக்கெட்டுகள் தேங்கி நிற்கின்றன என்று அர்த்தம். அப்லோட் 10 எம்பிபிஎஸ், பஃபர் 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட் என்றால், கடைசியில் வந்து நிற்கும் பாக்கெட் 0.8 செக்கன் காத்துக் கிடக்கும். இத்தனைக்கும் ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் போகும் கோல் ஒன்றுக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 87 கேபிபிஎஸ் போதும். பத்துக் கோல் சேர்ந்தாலும் 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. இடம் இருக்கிறது, முறை வருவதில்லை.

வரிசை மோடத்துக்குள் இருக்கும்வரை நம் கையில் ஒன்றும் இல்லை. அதை நம் ரவுட்டருக்குள் இழுக்க வேண்டும். அதற்கு, அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை மட்டும் எல்லையாக வையுங்கள். டவுன்லோட் 50, அப்லோட் 10 எம்பிபிஎஸ் லைன் என்றால் எல்லை டவுன்லோட் 45, அப்லோட் 9. கொஞ்சம் வேகம் போகிறதே என்று இந்த இடத்தில் கஞ்சத்தனம் பார்த்தால் வரிசை திரும்பவும் மோடத்துக்கே போய்விடும்.

மைக்ரோடிக் ரவுட்டர்களில், அவற்றின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7.1 முதல், வரிசையைச் சமமாகப் பங்கிடும் கேக், எஃப்கியூ-கோடெல் என்ற இரு முறைகளும் இருக்கின்றன. சிம்பிள் கியூவில் (வேக எல்லை போடும் வரிசை அமைப்பு) அவற்றில் ஒன்றைக் கியூ வகையாகத் தெரிவு செய்து, டார்கெட்டாக உங்கள் லேன் (உள் வலையமைப்பு) முகவரியைக் கொடுத்து, மேக்ஸ் லிமிட்டை 9எம்/45எம் என்று போடுங்கள். அப்லோட்தான் முதலில் வரும். மாற்றிப் போட்டுவிட்டு லைனைத் திட்டுபவர்கள் நிறைய. எல்லாம் சரியாகப் போட்டும் கியூவின் கணக்கி அசையவே இல்லையா? ஃபயர்வோலில் ஃபாஸ்ட்ராக் விதி இருக்கும். அது பாக்கெட்டுகளைக் கியூவுக்குக் காட்டாமலே கடத்திவிடும். அதை நிறுத்துங்கள். ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற திறந்த ரவுட்டர் மென்பொருளில் ஹார்ட்வெயார் ஆஃப்லோடிங்கும் அதே வேலையைத்தான் செய்யும். அங்கே எஸ்கியூஎம் என்ற வரிசை மேலாண்மைப் பகுதியில் கேக்கைத் தெரிவு செய்து, 'நாட்' (பல கருவிகள் ஒரே வெளி ஐபியைப் பகிர்வது) தெரிவையும் போடுங்கள். போடாவிட்டால் வீட்டில் உள்ள எல்லாக் கருவியும் கேக்குக்கு ஒரே ஐபியாகத்தான் தெரியும்; ஆளுக்கு ஆள் சமமாகப் பங்கிட வழியில்லை.

கோலுக்கு முன்னுரிமை விதி எழுதட்டுமா என்று கேட்பார்கள். சின்ன இடங்களில் தேவையில்லை என்பதே என் எண்ணம். சமப் பங்கீடு இருந்தால், கொஞ்சமாக அனுப்பும் கோலுக்குத் தானாகவே முறை வரும். டிஎஸ்சிபி முத்திரை, அதாவது பாக்கெட்டில் போடும் முன்னுரிமைக் குறி, உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி மதிக்கப்படும் என்று நம்பவும் வேண்டாம். வீட்டுக்குள்ளேயே அதில் ஒரு வில்லங்கம் உண்டு. குரலுக்கான டிஎஸ்சிபி மதிப்பு இஎஃப், அதாவது 46, இருமத்தில் 101110. பல வைஃபை கருவிகள் முதல் மூன்று பிட்டை மட்டும் பார்க்கும். 101 என்றால் 5, அது வைஃபையில் வீடியோவுக்கான முன்னுரிமை வகை. குரல் வகைக்கு 6 அல்லது 7 வேண்டும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் இதைத் திருத்தச் சொல்கிறது, எல்லாக் கருவியும் கேட்பதில்லை.

4ஜி லைன் என்றால் ஏதோ ஒரு நேரம் அளந்த வேகத்தில் எல்லை வைப்பது சரிவராது. இரவு 7 முதல் 10 மணிக்குள் அளந்து, கிடைத்த ஆகக் குறைந்த வேகத்துக்கு வையுங்கள். பகலில் கொஞ்சம் வீணாகும், பரவாயில்லை. இவ்வளவுக்குப் பிறகும் கடைசி அறையில் மட்டும் இழுபட்டால் கியூவைத் தொடாதீர்கள். சிக்னல் குறைந்த ஃபோன் ஒன்று மெதுவாகப் பேசி, எல்லாருடைய வைஃபை நேரத்தையும் தின்கிறது. அந்தப் பக்கத்துக்குக் கேபிள் இழுத்து இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் போடுவதுதான் வழி.