கழுத்து ரிப்பும் காலைக் கூட்டமும்

நேவி புளூ நிறத்தில் 18,000 டி-ஷர்ட்டுகள், ஜெர்மனிக்குப் போக வேண்டிய ஆர்டர். துணி வெட்டி, தைத்து, அயர்ன் முடிந்து, பாதிக்கு மேல் அட்டைப் பெட்டிகளில் ஏறிய பிறகு, வாங்குபவர் சார்பில் இறுதிப் பரிசோதனைக்கு வந்தவர் ஒரு பீஸை எடுத்து, வெவ்வேறு விளக்குகளில் நிறத்தைப் பார்க்கும் லைட் பாக்ஸுக்குள் வைத்தார். பகல் வெளிச்சத்துக்கான விளக்கில் உடல் துணியும், கழுத்தைச் சுற்றித் தைக்கும் ரிப் துணியும் ஒரே நிறமாகத் தெரிந்தன. அடுத்து, கடைகளில் எரியும் விளக்குக்கு ஈடான டி.எல். 84-ஐப் போட்டதும் கழுத்து மட்டும் செம்மை தட்டித் தனியாக நின்றது. கழுத்தைப் பிரித்து, புதிய ரிப்புக்குச் சாயமேற்றி, மறுபடியும் தைத்து முடிக்க 11 நாட்கள் ஆயின. அதற்குள் தூத்துக்குடியில் கப்பல் கிளம்பிவிட்டது. சரக்கு விமானத்தில் போனது. அந்த ஆர்டரில் மிஞ்சியிருக்க வேண்டிய லாபம் முழுவதும் விமானக் கட்டணத்தில் கரைந்தது.

இழப்பைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. அந்த ரிப் சரியில்லை என்பது எங்கள் டையிங் ஃபாலோ-அப், அதாவது சாய வேலையைப் பின்தொடர்ந்து, பார்க்கும் தம்பிக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. சாயப்பட்டறையிலேயே லைட் பாக்ஸில் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை நான் நடத்திய உற்பத்திக் கூட்டத்தில், எனக்கு எதிரே நான்கடி தூரத்தில், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போயிருக்கிறார். ஏன் தம்பி அன்றைக்கே சொல்லவில்லை என்று தனியாக அழைத்துக் கேட்டேன்.

"போன மாசம் காம்பாக்டிங் லேட்டாகும்னு சொன்னப்ப, காரணம் சொல்றதுக்கா உனக்குச் சம்பளம்னு எல்லாருக்கும் முன்னால கேட்டீங்கண்ணா. டையிங் மாஸ்டரும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாருங்க. சரி, எதுக்குன்னு விட்டுட்டனுங்க."

அப்படிக் கேட்டது எனக்கு நினைவில்கூட இல்லை. அவருக்கு ஒரு சொல் மாறாமல் நினைவிருந்தது.

திருப்பூர்த் தொழிலின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பிழை என்று விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களில் ஒரு சட்டைக்கான வேலை ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. நூல் ஓரிடத்திலிருந்து வருகிறது. நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், துணி பிறகு சுருங்காதபடி செய்யும் காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொன்றும் வெளியே கூலிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ஜாப் ஒர்க்காகப் பல மைல் சுற்றளவில் பிரிந்து கிடக்கின்றன. இவற்றுக்கு இடையே பைக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபாலோ-அப் ஆட்களின் தலைக்குள்தான் ஆர்டரின் உண்மை நிலவரம் துண்டு துண்டாக இருக்கிறது. அந்தத் துண்டுகள் ஒன்றுசேரும் இடம் காலைக் கூட்டம் மட்டுமே. அங்கே கெட்ட செய்தி வாய் திறக்க அஞ்சினால், பிறகு அது பரிசோதகரின் கையில்தான் திறக்கும். நல்ல செய்திக்குக் கூட்டமே தேவையில்லை, அது தானாக வந்துவிடும். கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம் மேசைக்கு வருகிறது என்பதைக் கொண்டே ஒரு கூட்டம் உருப்படியானதா இல்லையா என்று இப்போது நான் அளக்கிறேன்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு என் கூட்டங்களை நானே ஒரு வாரம் வெளியாள்போலக் கவனித்து எழுதி வைத்தேன். 14 பேர், ஒன்றரை மணி நேரம்; அதாவது நாளொன்றுக்கு 21 மணி நேர உழைப்பு, ஒரு டெய்லரின் இரண்டரை ஷிப்டுக்கும் அதிகம். அதில் பாதிக்கு மேல் பேசியவன் நான். மீதியில் பெரும்பகுதி, இரண்டு பேர் தங்களுக்குள் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ள வேண்டிய விவகாரத்தை மற்ற பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்த்த நேரம். பாலிபேக் ஸ்டிக்கர் எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதற்கு இருபது நிமிடமும், மூன்று நாள் பின்தங்கியிருந்த ஒரு பிரிண்டிங் லாட்டுக்கு இரண்டு நிமிடமும் போயிருந்தன. ஸ்டிக்கர் எல்லோருக்கும் புரிகிற விஷயம் என்பதால் எல்லோருக்கும் சொல்ல ஒரு கருத்து இருந்தது. பிரிண்டிங் லாட் ஒருவரின் தலைவலி என்பதால் மற்றவர்கள் மௌனமாக இருந்தார்கள்.

முதலில் மாற்றியது பேசும் வரிசையை. வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில் பேச வேண்டும், நான் கடைசியில். இது சாதாரண ஏற்பாடுபோலத் தோன்றும்; நடைமுறையில் இதைப்போலக் கடினமானது வேறில்லை. மேலாளர் முதலில் "அந்த ஆர்டர் வெள்ளிக்கிழமை போயிரும்ல?" என்று கேட்டுவிட்டால், நம் ஊர்ப் பழக்கத்தில் அதற்கு "போயிருங்க" என்பதைத் தவிர வேறு பதில் வராது. மரியாதை நிமித்தம் சொல்லப்படும் அந்த ஒரு சொல்லை நம்பி எத்தனை கப்பலுக்கு இடம் பதிவு செய்திருக்கிறோம் என்று எண்ணினால் இப்போதும் மனம் கனக்கிறது. அதனால் ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளை விட்டுவிட்டேன். "வெள்ளிக்கிழமை போகாமல் போவதென்றால் எதனால் போகாமல் போகும்?" என்று கேட்கத் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் யாரும் பதில் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் கட்டிங் மாஸ்டர், வெட்டுவதற்காகத் துணியை அடுக்கி விரிக்கும் லே போடுவதற்கு முன் துணி தளர்வதற்குப் போதிய நேரம் விடாமல் அவசரப்படுத்துகிறோம், அதனால் தைத்த பிறகு அளவு குறைகிறது என்று சொன்னார். அவர் குற்றம் சாட்டியது என்னைத்தான். அந்த இடத்தில் நான் என்ன செய்கிறேன் என்று மற்ற பதின்மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எத்தனை மணி நேரம் வேணும் மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் வாய்கள் திறந்தன.

நேரம் 25 நிமிடமாகக் குறைந்தது, நாற்காலிகளை எடுத்துவிட்டோம். கூட்டம் காலை 9.15-க்கு என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் காலை 9 மணி ஆகும்போது நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அதற்குள் நம் பக்க நிலவரத்தைத் திரட்டி முடிவெடுத்துவிட்டால், வாங்குபவரோடு தொடர்பில் இருக்கும் மெர்ச்சண்டைசர் அன்றைக்கே தெளிவான ஒரு கேள்வியோடு அவர்களுக்கு எழுத முடியும். மாலைக்குத் தள்ளினால் ஒரு நாள் போய்விடும்.

கட்டிங்குக்கு முன் நடக்கும் பி.பி. (பிரீ-புரொடக்ஷன்) மீட்டிங்கை மட்டும் நான் சுருக்கவில்லை, நீட்டித்தேன். அதற்கு ஒரு மணி நேரம் கொடுத்தாலும் தகும். வாங்குபவர் முத்திரையிட்ட சாம்பிள், லேபிள், பட்டன் போன்றவை ஒட்டிய டிரிம் கார்டு, அளவுத் தாள், துணியின் லேப் ரிப்போர்ட், உண்மையில் வெட்டப்போகும் லாட்டிலிருந்து ஒரு மீட்டர் துணி, அதே சாயத்தில் வந்த ரிப் ஆகியவை மேசைமேல் இருந்தாலொழியக் கூட்டம் தொடங்காது. காகிதத்தைப் பார்த்துப் பேசும்போது எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். துணியைக் கையில் எடுத்ததும் வேறுபடுகிறார்கள். அந்த வேறுபாட்டைக் கேட்கத்தானே கூடுகிறோம்? பேட்டர்ன் மாஸ்டர் தோள் தையலை இழுத்துப் பார்த்து, இங்கே டேப் வைக்காவிட்டால் துவைத்ததும் தொங்கும் என்பார். லைன் சூப்பர்வைசர், இந்த மடிப்புக்கு மெஷினில் மாட்டும் ஃபோல்டர் கிடையாது, கையில் மடித்தால் நாளுக்கு இவ்வளவுதான் வரும் என்பார். லைட் பாக்ஸை இப்போது அந்த மேசைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

கூட்டக் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 100 பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளில் தொழிலாளர் பிரதிநிதிகள் கொண்ட பணிக்குழு அமைப்பதற்கு 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் வழி செய்தது. 10 பேர் வேலை செய்யும் இடத்திலேயே பெண்களுக்கான உள் புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தக் குழுக்களின் கூட்டக் குறிப்புகளை ஆடிட்டுக்கு வருபவர்கள் கேட்பார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், ஆடிட்டுக்கு முந்தைய நாள் மாலை ஒருவர் உட்கார்ந்து, நான்கு காலாண்டுக் கூட்டங்களின் குறிப்புகளையும் ஒரே பேனாவால் எழுதியதைப் பார்த்தேன். கழிவறைத் தாழ்ப்பாள் பற்றிய ஒரு புகார் நான்கிலும் இருந்தது. நான்கிலும் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று இருந்தது. அந்த வினை வடிவத்தையே எங்கள் குறிப்பேட்டில் இப்போது அனுமதிப்பதில்லை. எடுப்பவர் யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் என்று மூன்றும் இருக்க வேண்டும். எழுதியதைக் கூட்டம் கலையும் முன் உரக்கப் படிக்கிறோம், தமிழில் ஒரு முறை, இந்தியில் ஒரு முறை. எங்கள் லைன்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் சரிபாதி. அவர்களில் இருவர் சூப்பர்வைசர்கள். நெடுங்காலம் அவர்கள் தலையசைத்ததைப் புரிந்துகொண்டதாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் கூட்டம் முந்தைய நாள் வரிகளைப் படிப்பதில்தான் தொடங்கும். முடியாத வேலைக்குப் புதிய நாள் குறிக்கலாம், இரண்டு முறை வரை. மூன்றாவது முறையும் தள்ளினால், அந்த வேலை அந்த ஆளால் முடியாதது என்று பொருள். அவரைத் திட்டுவதற்குப் பதில் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். கடிந்து சொல்ல வேண்டியது இருந்தால் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, அன்றைக்கே சொல்லி முடித்துவிடுகிறேன்.

இவ்வளவு செய்தும் செக்கிங் பெண்கள் பேசாமலே இருந்தார்கள். எந்த லைனில் எந்தத் தையல் விடுகிறது, எந்த மெஷினில் எண்ணெய்க்கறை படுகிறது என்பது அவர்களுக்குத் தெரிகிற அளவு தொழிற்சாலையில் வேறு யாருக்கும் தெரியாது. அவர்களின் சார்பாக ஒருவரை அலுவலக அறைக்கு அழைத்தபோது, முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்று, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். சென்ற ஆண்டு முதல் கூட்டத்தையே செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் மாற்றிவிட்டோம். இப்போது நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்கள் வேலையை நிறுத்துவதில்லை, எங்களை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. சில நாட்களில் ஒரு பீஸ் மட்டும், சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, எங்கள் பக்கம் மேசையில் நகர்ந்து வருகிறது.